நல்குரவும் வறுமைக் கோடும்: ஒரு மறுவாசிப்பு

வறுமையை எண்ணால் அளப்பது இக்கால அரசுகளின் வழக்கம். அவ்வாறு அளக்கும் கருவியே வறுமைக் கோடு. இதனைப் பொருளியலாரின் தனித்துறையாகக் கருதித் தமிழாய்வாளராகிய நாம் ஒதுங்கி நிற்கிறோம். மலேசியாவின் வறுமைக் கணக்கைத் திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தோடு ஒருசேர வைத்து நோக்கின், அவ்வொதுக்கம் பொருந்தாது என்பது புலனாகும்.

2016ஆம் ஆண்டில் இந்நாட்டின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என அரசுப் புள்ளிவிவரம் கூறியது. அப்போதைய வறுமைக் கோடு குடும்பமொன்றிற்கு மாதம் 980 ரிங்கிட். நால்வர் கொண்ட குடும்பமாயின், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 ரிங்கிட் ஆகும். 2019 ஆகஸ்டில் இங்கு வருகை தந்த ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இக்கணக்கை ஏற்கவில்லை. முதலில் அவர் கூற்றை மறுத்த அரசு, 2020 ஜூலையில் அளவுமுறையைத் திருத்தி, 2019ஆம் ஆண்டிற்கான கோட்டை 2,208 ரிங்கிட் என வரையறுத்தது. புதிய முறைப்படி 2016ஆம் ஆண்டின் விகிதம் 7.6 விழுக்காடாயிற்று. எவருடைய வருவாயும் மாறாமலே ஏழைகளின் விகிதம் பத்தொன்பது மடங்காயிற்று.

நல்குரவு, பொருட்பாலில் அமைந்த 105ஆம் அதிகாரம். வகுப்பறையில் இது வறுமையின் கொடுமையை உணர்த்தும் பகுதியாகவே பெரிதும் பயிற்றப்படுகிறது. ஆயின், அவ்வதிகாரம் வறுமையைச் சொல்லோடு பிணைத்துப் பேசுவது கருதத்தக்கது. உயர்குடியினர் வாயிலும் தாழ்ந்த பேச்சு எழும் தளர்ச்சியை வறுமை உண்டாக்கும் என்கிறது 1044ஆம் குறள். நல்ல கருத்தைத் தெளிவுற எடுத்துரைத்தாலும் வறியவர் பேச்சு எடுபடாது என்பது 1046ஆம் குறளின் கருத்து. ஆகவே, வள்ளுவர் காட்டும் வறுமை பொருளிழப்போடு நில்லாது, சொல்லின் மதிப்பிழப்பாகவும் விரிகிறது எனலாம்.

மேற்கண்ட கணக்கின் வரலாறு இதற்குச் சான்றாகிறது. 980 ரிங்கிட்டில் குடும்பம் நடத்த இயலாது என்பதை நகர ஏழைகள் நன்கறிவர். உள்நாட்டு ஆய்வாளரும் அதனை முன்னரே சுட்டினர். எனினும், உலக அவையின் அறிக்கையாளர் உரைத்த பின்னரே கோடு திருத்தம் பெற்றது.

கோடே வேண்டா என்பது நம் வாதமன்று. எல்லை வகுக்காமல் உதவியைப் பங்கிடுதல் எவ்வரசுக்கும் அரிது. 2022இல் கோடு 2,589 ரிங்கிட்டாகவும் விகிதம் 6.2 விழுக்காடாகவும் கணிக்கப்பட்டமை முன்னேற்றமே. ஆனால் வருவாய் ஒன்றே முழுச்சான்றாகாது. கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழ்ந்த சிறுவருள் 7 விழுக்காட்டினரே அன்றைய கோட்டின்படி முற்றான வறுமையில் இருந்தனர் என யுனிசெப் 2018இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. அங்கேயே ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் 22 விழுக்காட்டினர் வயதிற்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். வருவாய்க் கணக்கில் தென்படாத குறை அவர்தம் உடலில் தென்பட்டது.

அக்குழந்தைகள் இப்போது பள்ளி மாணவர்கள். காலை உணவின்றி வரும் மாணவனை முதலில் அறிபவர் வகுப்பாசிரியரே. அவர் அறிந்ததை எழுத்தில் பதிந்து, உதவி விண்ணப்பங்களோடு இணைப்பாராயின், கணக்கில் வராத குடும்பத்தின் சொல்லுக்கும் ஒரு சான்று கிட்டும். நல்குரவை மனனம் செய்வித்துவிட்டு, எதிரே அமர்ந்திருக்கும் மாணவன் சொல்வதைக் கேளாது விடுவோமாயின், வள்ளுவர் சுட்டிய குறைக்கு நாமும் பொறுப்பாவோம்.