அலெக்ஸ் ஜிடியாஸும் அவருடைய பெல்லி டேங்குகளும்

2024-இல் தம் 102-ஆவது வயதில் மறைந்த அலெக்ஸ் ஜிடியாஸ், அமெரிக்க ஹாட் ராட் கலையின் முதல் தலைமுறைக்காரர்களில் ஒருவர். 1922 மார்ச் 22 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். தந்தை ஆன்டனி ஜிடியாஸ் பேசாப்படக் காலத்தில் கௌபாய் படங்கள் எடுத்த தயாரிப்பாளர். மகனை இழுத்தது சினிமா அல்ல, ஃபோர்டு கார். கையில் கிடைத்த முதல் கார், 1929 மாடல் ஃபோர்டு ரோட்ஸ்டர்.

அந்தக் காலத்துக் கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட இளைஞர்கள் ஏராளம். பழைய ஃபோர்டு ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள். மட்கார்டு, ரன்னிங் போர்டு, முன்கண்ணாடி என்று ஓட்டத்துக்கு உதவாதவை எல்லாவற்றையும் கழற்றி வீசுவார்கள். எஞ்சினைப் பிரித்து, கேம் ஷாஃப்டையும் சிலிண்டர் ஹெட்டையும் மாற்றி, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு மூன்றை ஏற்றுவார்கள். இப்படி உருவான வண்டிதான் ஹாட் ராட். இந்தப் பித்துக்கு வழிவிட்டவர் ஹென்றி ஃபோர்டு. 1932-இல் அவர் சாமானியர் விலைக்குக் கொண்டுவந்த வி8 எஞ்சின் 3.6 லிட்டர் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்டது. கைதேர்ந்தவர்களிடம் அது அதைவிடப் பல மடங்கு கொடுத்தது. ஓட்டிப் பார்க்க மொஹாவி பாலைவனத்தில் முராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிகள் இருந்தன. சிமென்ட் தளம்போல் இறுகிக் கிடக்கும் ஏரிப்படுகையில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் கணக்கிடுவதற்காக 1937-இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கம் உருவானது.

இதைக் கலை என்று சொல்லத் தயங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாட் ராட் அழகு பெறுவது சேர்ப்பதால் அல்ல, நீக்குவதால். நிக்கல் பூச்சும் தீப்பிழம்பு ஓவியமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரங்கள். ஏரிப்படுகையில் ஓடிய தொடக்ககால வண்டிகளில் எந்த வளைவுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஜிடியாஸின் பட்டறையிலிருந்து வந்த வண்டிகளில் அந்தக் கறார்த்தன்மை மிகத் தெளிவாகத் தெரிகிறது.

போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ விமானப்படையில் இருந்த அவர், 1946 மார்ச் 3 அன்று விடுவிக்கப்பட்டார். அதே நாளில் பர்பாங்க் நகரில் ‘சோ-கால் ஸ்பீட் ஷாப்’ என்ற கடையைத் திறந்தார். வேகத்துக்கான உதிரிபாகங்களை விற்கும் சின்னக் கடை அது. வியாபாரம் சூடு பிடிக்கக் காலம் எடுத்தது. கடைக்கு விளம்பரம் தேவை, விளம்பரத்துக்குப் பணம் இல்லை. ஆகவே கடையின் பெயரை எழுதிய வண்டியே ஏரிக்குப் போனது.

அந்த வண்டிக்கு உடலாக அமைந்தது போர் விட்டுச்சென்ற பொருள். நெடுந்தூரம் பறக்கும் போர்விமானங்கள் கூடுதல் பெட்ரோலை ஒரு தொட்டியில் நிரப்பி, இறக்கைக்கு அடியில் தொங்கவிட்டுக்கொண்டு போகும். தீர்ந்ததும் தொட்டியைக் கழற்றிக் கீழே போட்டுவிடும். காற்றைக் கிழித்துப் போக வேண்டிய பொருள் என்பதால், விமானப் பொறியாளர்கள் அதை முன்னே உருண்டும் பின்னே ஒடுங்கியும் நீர்த்துளிபோல் வடித்திருந்தார்கள். போர் முடிந்ததும் அவை உபரிச் சாமான் கடைகளில் குப்பை விலைக்குக் குவிந்தன. அவற்றைக் காராக்கலாம் என்று முதலில் கண்டவர் பில் பர்க். 1946-இல் அவர் அப்படி ஒன்றைக் கட்டினார். தொட்டியின் பெயரான ‘பெல்லி டேங்க்’ வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. ஜிடியாஸ் 1948-இல் கட்டிய வண்டியில் இருந்தது ஃபோர்டின் மிகச் சிறிய வி8: 2.2 லிட்டர், விற்பனைக்கு வந்தபோது வெறும் 60 குதிரைத்திறன். அதைத் திருத்தி ஏற்றி, மணிக்கு 130 மைல், அதாவது 209 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் கனமாகக் கூடும். சின்ன எஞ்சின் பெரிய வேகம் எடுக்க வேண்டுமானால் உடலின் வடிவம் கைகொடுத்தாக வேண்டும். ஏரிக்குப் போன பையன்களில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டவர்கள் குறைவாக இருக்கலாம், கையால் அறிந்தவர்கள் நிறையப் பேர்.

அடுத்த வண்டிக்குக் காரணம் ஒரு நட்பு. டீன் பேச்சலர் காற்றியக்கத்தில் ஆர்வம் கொண்ட இளைஞர். போருக்கு முன் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் நிறுவனம் கட்டிய சாதனை வண்டிகள் அவரைக் கவர்ந்திருந்தன. சக்கரங்களையும் மூடிவிட்டால் என்ன என்பது அவர் யோசனை. முதல் பெல்லி டேங்கின் சேஸிஸ் மீதே புதிய உடல் எழுந்தது. தகட்டை அடித்து வளைத்தவர், பர்பாங்கிலேயே வேலி கஸ்டம் என்ற பட்டறை நடத்திவந்த நீல் எமரி. எஞ்சினுக்கு விக் எடல்ப்ராக்கின் கைவண்ணம். 1949 ஆகஸ்டில் யூட்டா மாநிலத்து பானவில் உப்புவெளியில் நடந்த முதல் வேக வாரத்தில் அது மணிக்கு 193 மைல் தொட்டு எல்லோரையும் முந்தியது. மறு ஆண்டு 210 மைல், 338 கிலோமீட்டர். ஹாட் ராட் ஒன்று 200 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை. 1951-இல் டேட்டோனா கடற்கரையில் ஓடும்போது உருண்டு நொறுங்கியது. ஓட்டியவர் உயிர் தப்பினார்.

இங்கே ஜிடியாஸின் பங்கு என்ன? வடிவம் பேச்சலருடையது, தகடு எமரியுடையது, எஞ்சின் எடல்ப்ராக்குடையது. வேகச் சாதனைகளில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களும் பெரும்பாலும் வேறு ஆட்கள். யாரை எந்த வேலைக்கு அழைப்பது, எந்த யோசனைக்கு இடம் கொடுப்பது, எங்கே போதும் என்று நிறுத்துவது: இவை அவருடையவை. ஒரு நாடகக் குழுவின் சூத்திரதாரியைப்போல், மேடையில் அதிகம் தோன்றாமல் எல்லாவற்றையும் நடத்தினார். புகழைப் பங்கு பிரிப்பதில் கஞ்சத்தனம் காட்டாததால்தான் நல்ல கைகள் அவரிடம் தொடர்ந்து வந்தன.

நொறுங்கிய வண்டிக்குப் பதிலாக வந்த இரண்டாவது பெல்லி டேங்கே அவருடைய வேலைகளில் தலைசிறந்தது. சக்கரம் மூடிய வண்டிதான் சிறந்தது என்று வாதிடுவோர் உண்டு. வேகக் கணக்கு அவர்கள் பக்கம். பார்வைக்கு டேங்க்தான் மேல். இம்முறை உடல், லாக்ஹீட் பி-38 விமானத்தின் பெரிய தொட்டி. அந்த விமானம் கட்டப்பட்ட ஊரும் பர்பாங்க்தான். தொட்டியின் முன்பகுதியில் ஓட்டுநர் ஏறக்குறையச் சாய்ந்து கிடப்பார், தலை மட்டும் மேலே தெரியும். முதுகுக்குப் பின்னால் எஞ்சின். நான்கு சக்கரங்களும் வெளியே நிற்கின்றன. நீண்ட, கண்ணுக்கு இதமான ஒரே வளைவை அவை எங்கும் கெடுக்கவில்லை. விமானத்துக்காக எவரோ வரைந்த கோட்டை மதித்து, கைவைக்க வேண்டிய இடத்தில் மட்டும் கைவைத்திருக்கிறார்கள். 1952-இல் பானவில்லில் ஒரே உடலில் எஞ்சினை மாற்றி மாற்றிப் பூட்டி மூன்று வகுப்புகளில் ஓட்டினார்கள். உச்சவேகம் மணிக்கு 198 மைல். அந்த வண்டி பிற்காலத்தில் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் இருக்கிறது.

1950-களின் நடுவில் ஜிடியாஸ் கேமராவை எடுத்துக்கொண்டு பந்தயங்களைப் படமாக்கத் தொடங்கினார். தந்தையின் தொழில் வேறு வழியாக வந்து சேர்ந்தது எனலாம். 1961-இல் கடையை மூடினார். பிறகு ‘கார் கிராஃப்ட்’ இதழின் ஆசிரியராகவும், உதிரிபாகத் தொழிலுக்கான இதழ் ஒன்றின் பொறுப்பிலும் இருந்தார். பேச்சலரும் எழுத்துக்கே போனார். ‘ரோட் அண்ட் டிராக்’ இதழின் ஆசிரியராகி, ஹாட் ராட் வரலாற்றை நூலாக எழுதி, அது அச்சாகுமுன் 1994-இல் இறந்தார்.

கடையின் பெயரை மீட்டவர் பீட் ஷபூரிஸ். 1974-இல் வந்த ‘தி கலிஃபோர்னியா கிட்’ தொலைக்காட்சிப் படத்தில் ஓடும் தீப்பிழம்பு தீட்டிய 1934 ஃபோர்டு அவருடையது. ஜிடியாஸின் சம்மதத்தோடு 1997-இல் பொமோனாவில் புதிய சோ-கால் ஸ்பீட் ஷாப் திறந்தது. இருபது வயது இளைய ஷபூரிஸ் 2017-இல் காலமானார். முதியவர் மேலும் ஏழு ஆண்டுகள் இருந்தார். பெல்லி டேங்கைப்போல் சக்கரம் வெளியே தெரியும் வண்டிகளுக்கு ‘லேக்ஸ்டர்’ என்ற தனி வகுப்பு எல் மிராஜிலும் பானவில்லிலும் இப்போதும் நடக்கிறது.