நாளைக்கு ஒரு பாடம்

சில புத்தகங்களை வாசித்துவிட்டதாகவே நாம் நினைத்துக்கொண்டிருப்போம். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எனக்கு அப்படிப்பட்ட ஒரு புத்தகம். இளமையில் ஒரு முறை புரட்டியிருக்கிறேன். மேடைகளில் இரண்டொரு தடவை அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒழுங்காக வாசிக்க 2020-ஆம் வருஷத்து ஊரடங்கு வரவேண்டியிருந்தது.

நான் இருப்பது கும்பகோணத்தில். பெண்ணும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் இருந்தார்கள். பேத்தி எங்களிடம் தங்கிப் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. 27-ஆம் தேதி தொடங்கவேண்டிய பரீட்சை தள்ளிப்போயிற்று. பரீட்சை முடிந்த கையோடு பெற்றோரிடம் போவதற்கு வாங்கியிருந்த விமான டிக்கெட்டும் வீணாயிற்று. லீவு என்று பெயர். தெருவுக்குப் போகமுடியாத லீவு. முதல் வாரம் பாடப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வாரம் மூடிவிட்டாள்.

"பரீட்சை நடக்குமான்னே தெரியலை. எதுக்குத் தாத்தா படிக்கணும்?" என்று கேட்டாள்.

அந்த நாட்களில் பலரும் நியூட்டன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1665-ல் பிளேக் நோய்க்குப் பயந்து கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது அவர் சொந்த ஊருக்குப் போய், அங்கே இருந்தபடியே கணிதத்திலும் ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியிலும் பெரிய காரியங்களைச் சாதித்தார். உண்மைதான். நானும் அதைச் சொன்னேன். "நான் நியூட்டன் இல்லையே தாத்தா" என்றாள். எத்தனையோ விமரிசகர்கள் சுற்றிவளைத்துச் சொல்வதை அந்தப் பெண் நான்கு வார்த்தையில் சொல்லிவிட்டாள். மேதைகளின் கதை நம்மைப் போன்றவர்களுக்குத் தெம்பு தருவதில்லை; வெட்கத்தைத்தான் தருகிறது.

வேறு வழி தோன்றாமல் 'என் சரித்திர'த்தை எடுத்தேன். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு தினம் ஓர் அத்தியாயம் அவள் வாசிப்பது, நானும் என் மனைவியும் கேட்பது என்று ஏற்பாடு. 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்த நூல் அது. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வாசிக்கத் தோதாகத்தான் இருந்தது.

தமிழ்த் தாத்தாவின் வெற்றிக் கதையாக இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால், நூலின் முதற் பாதி முழுவதும் ஒரு பையன் வாத்தியாரைத் தேடி அலைகிற கதை. தகப்பனார் சங்கீத வித்வான். பிள்ளைக்குத் தமிழ்ப் பைத்தியம். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று தமிழ் சொல்லித்தரக்கூடியவர் எங்கே இருக்கிறாரோ அங்கே அந்தக் குடும்பம் போகிறது. ஒருவருக்குத் தெரிந்தது தீர்ந்ததும் அடுத்தவரைத் தேடவேண்டும். இதனால் உத்தியோகம் கிடைக்குமா, பணம் வருமா என்று ஊரில் கேட்காதவர் இல்லை. பதில் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இல்லை. அப்படியும் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

1871-ல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பையன் வந்து சேர்கிறான். பிள்ளையவர்களுக்கு மரஞ்செடிகளில் பிரியம். காலையில் எழுந்ததும் தோட்டத்தில் எங்கே புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பார். அவருக்கு முன்பே எழுந்து தளிர்களைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் மகிழ்ந்திருக்கும் நேரம் பார்த்துப் பாடம் கேட்பானாம் மாணவன். பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள். ஊரடங்கு தொடங்கிய பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது என்று நினைக்கிறேன்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இந்த நூலில் எனக்குக் குறைகளும் தெரிகின்றன. ஆதரித்த பிரபுக்களின் பெயர்கள் வரிசை வரிசையாக வந்து சில அத்தியாயங்களைக் கனக்க வைக்கின்றன. வீட்டுப் பெண்களைப் பற்றி நூல் சொல்வது மிகக் குறைவு. "இத்தனை ஊர் மாத்தி மாத்திக் குடித்தனம் பண்ணின அந்த அம்மா பாட்டை யார் எழுதறது?" என்றாள் என் மனைவி. நியாயமான விமரிசனம். ஆனால் நம்பிக்கை, முன்னேற்றம் என்றெல்லாம் உபதேசம் செய்யாமலே இந்த நூல் தெம்பு தருகிறதே, அது எப்படி என்று யோசித்தேன். படிக்கிறவனுக்கு நாளைக்கு ஒரு பாடம் பாக்கி இருக்கிறது; அவ்வளவுதான். நாளை என்று ஒன்று உண்டு என்பதை யாரும் அவனுக்கு நிரூபிக்கவேண்டியதில்லை.

ஜூன் 9-ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பரீட்சையே ரத்து என்று அறிவித்தார்கள். எல்லோரும் தேர்ச்சி. அன்று சாயங்காலம் நான் சொல்லாமலே பேத்தி புத்தகத்தை எடுத்துவந்து உட்கார்ந்தாள். சில நாள் கழித்துப் பிள்ளையவர்கள் 1876-ல் காலமாகும் இடம் வந்தது. தொலைக்காட்சியில் தினம் இறந்தவர்களின் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்த காலம். அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. மறுநாள் அத்தியாயத்தில் மாணவர் திருவாவடுதுறையிலேயே தங்கி, ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் மேலே படிக்கிறார் என்று தெரிந்ததும் தெளிந்தாள்.

நூலின் உச்சம் எங்கள் ஊரிலேயே நடக்கிறது. 1880-ல் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். வயது இருபத்தைந்து. முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பெரிய பட்டியலாகச் சொல்கிறார். முதலியார் அசையவே இல்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை. படித்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்ட அந்த நிமிஷத்தில் வேறொருவர் இடிந்துபோயிருப்பார், அல்லது கோபித்துக்கொண்டிருப்பார். ஐயர் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து படிக்கிறார். புரியவில்லை. ஊரில் இருந்த ஜைனர்களிடம் போய் அவர்கள் சமயத்தைப் பாடம் கேட்கிறார். ஒரு வீட்டில் அலங்காரத்தைப் பார்த்து என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணி வாசித்து முடித்ததைக் கொண்டாடுகிறோம் என்கிறார்கள். ஏழு வருஷ உழைப்புக்குப் பின் 1887-ல் சிந்தாமணி அச்சில் வருகிறது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் அதற்குப் பிறகு.

தெரியாது என்ற ஒரு வார்த்தைதான் அந்த வருஷம் எங்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. நோய் எப்போது ஓயும், தெரியாது. விமானம் எப்போது விடுவார்கள், தெரியாது. அதே வார்த்தை இந்த நூலில் ஒரு வாழ்க்கையின் வாசலைத் திறந்துவிடுகிறது. எத்தனையோ வருஷமாகக் கதைகளில் நான் சொல்ல முயன்று சொல்லாமல் விட்டது இது.

அந்தக் கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மைல்தான். காவிரிக் கரையில் இருக்கிறது. வயதானவன் என்று என்னை வெளியே விடவில்லை. அந்த அத்தியாயத்தை வாசித்து முடித்த பேத்தி புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க சிந்தாமணி படிச்சிருக்கீங்களா தாத்தா?"

நாற்பது வருஷமாகத் தமிழில் எழுதுகிறவன் நான். பேசாமல் இருந்தேன். பிறகு, இல்லை என்றேன்.

ஆடி மாதத்தில் 'என் சரித்திரம்' முடிந்தது. ஐயர் 1942-ல் காலமாகிவிட்டதால் கதை பாதியில் நின்றுபோகிற நூல் அது. மறுநாள் சாயங்காலம் நச்சினார்க்கினியர் உரையோடு சிந்தாமணியைப் பிரித்தோம். 3,145 செய்யுள். நாளைக்கு ஐந்து வீதம் 629 நாள் என்று பேத்தி கணக்குப் போட்டாள். எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. அடுத்த வாரத்தைப் பற்றி நிச்சயமாகப் பேச ஊரில் ஆளில்லாத சமயம். நாங்கள் 629 நாளைக்குத் திட்டம் போட்டுக்கொண்டோம்.

திட்டப்படி நடக்கவில்லை. அடுத்த வருஷம் அவள் பெற்றோரிடம் போய்விட்டாள். எனக்கும் சில நாள் இரண்டு செய்யுள் ஓடும், சில நாள் ஒன்றும் ஓடாது. டெலிபோனில் பேசும்போது, "எத்தனாவது செய்யுள் தாத்தா?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் சௌக்கியம் விசாரிப்பாள்.

'என் சரித்திரம்' வாசிக்காதவர்கள் வாசிக்கவேண்டும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஏற்கனவே வாசித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதினேன்.