மணிக்கணக்கில் அளக்கப்படும் இன்டர்ன்ஷிப்

கல்லூரி மாணவர் ஒருவர் ஆலையிலோ அலுவலகத்திலோ ஆய்வகத்திலோ சில வாரம் வேலை பழகி, அந்தப் பழக்கத்துக்குப் பட்டப்படிப்பின் கணக்கில் கிரெடிட் பெறுவதே கிரெடிட் இன்டர்ன்ஷிப். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இதன் முன்னோடிக்கு இன்பிளாண்ட் டிரெயினிங் என்று பெயர். அது பெரும்பாலும் விடுமுறையில் போய்வந்து ஒரு சான்றிதழைக் கோப்பில் சேர்ப்பதோடு முடிந்துவிடும். கிரெடிட் சேர்ந்த பிறகு நிலைமை வேறு. இன்டர்ன்ஷிப் இப்போது தேறியாக வேண்டிய ஒரு தாளுக்குச் சமம். அந்தத் தாளுக்கான வகுப்பறையையும் ஆசிரியரையும் தேடிப்பிடிக்கும் வேலை மட்டும் மாணவரின் தலையில் விழுகிறது. இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் இங்கேதான் தொடங்குகின்றன.

படிப்போடு தொழிற்கூடத்தைப் பிணைக்கும் எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906இல் ஹெர்மன் ஷ்னைடர், மாணவர்கள் வகுப்பிலும் தொழிற்சாலையிலும் மாறி மாறிக் கற்கும் முறையைத் தொடங்கினார். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்பும் அதே வழிதான். மோட்டாரும் பம்பும் தயாரிக்கும் தொழிலகம் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அங்கே மாணவர் இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பிலானியின் பிட்ஸ் 1973இல் தொடங்கிய பிராக்டிஸ் ஸ்கூலில், இறுதிக்கட்டப் பயிற்சி ஐந்தரை மாதம் நீளும். அதற்கு 20 யூனிட்; கிரெடிட்டுக்கு அங்கே அந்தப் பெயர். அங்கே இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறது, பயிற்சியை மதிப்பிடும் பொறுப்பு கல்லூரி ஆசிரியருடையது. நிறுவனத்தின் வாசலோடு கல்லூரியின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

கிரெடிட் என்பது ஓர் அளவுகோல். ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே நீளத்தில் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி இரண்டு வாரப் பயிற்சிக்கு 1 கிரெடிட், நான்கு வாரத்துக்கு 2, ஆறு வாரத்துக்கு 3. வாரத்துக்கு 40 மணி நேரம் என்று கொண்டால் ஒரு கிரெடிட்டின் விலை 80 மணி நேரம். பல்கலைக்கழக மானியக்குழு இளநிலை மாணவர்களுக்காக 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் போதும். பொறியியல் மாணவர் இரண்டு வாரம் உழைத்துப் பெறுவதைக் கலை அறிவியல் மாணவர் நான்கு நாளில் பெற்றுவிட முடியும் என்பது அதன் பொருள். எது நியாயமான அளவு என்ற வாதத்தைவிட முக்கியமானது வேறொன்று: இரண்டு அளவுகளுமே மணி நேரத்தைத்தான் எண்ணுகின்றன. அந்த நேரத்தில் மாணவர் என்ன கற்றார் என்பதற்கு இரண்டிலும் அலகு இல்லை.

இடம் தேடும் படலம் பொதுவாகத் துறைத்தலைவரிடம் போனஃபைட் சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும் வாங்குவதில் தொடங்குகிறது. பிளேஸ்மென்ட் செல் வலுவாக உள்ள கல்லூரிகளில் நிறுவனங்களே ஆள் கேட்டு வருகின்றன. மற்ற கல்லூரிகளில் மாணவர்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறார்கள். செக்யூரிட்டியைத் தாண்டி எச்.ஆர். அறைக்குப் போய்ச் சேருவதே பெரிய காரியம். மாமாவோ சித்தப்பாவோ அந்த ஆலையில் சூப்பர்வைசராக இருந்தால் ஒரே போன்தான். வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு அந்தப் போன் இல்லை. பாடத்திட்டம் எல்லாரிடமும் ஒரே தாளைக் கேட்கிறது. அந்தத் தாளை எழுதும் இடத்துக்கு உறவும் அறிமுகமும் நுழைவுச்சீட்டாக இருக்கின்றன. கிரெடிட் இல்லாத காலத்தில் இது ஒரு வசதிக்குறைவு மட்டுமே. கிரெடிட் வந்த பிறகு இது அநீதி.

இந்த இடைவெளியில்தான் சான்றிதழ் வியாபாரம் முளைத்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு, பதிவு செய்த வீடியோக்களைப் பார்க்கவைத்து, ஒரு மாத இன்டர்ன்ஷிப் முடித்ததாகச் சான்றிதழ் தரும் பயிற்சி மையங்கள் கல்லூரி வாசல்களில் நோட்டீஸ் கொடுக்கின்றன. வேலை கற்றுக்கொள்ளப் போகும் மாணவர் வேலை தருபவருக்குப் பணம் கட்டுவது தலைகீழான ஏற்பாடு. ஆனாலும் பழியை மாணவர்மேல் போடுவது சரியல்ல. இருபது இடத்தில் கேட்டும் பதில் வராமல், செமஸ்டர் முடிவில் கிரெடிட் காட்டியாக வேண்டிய நெருக்கடியில் நிற்பவருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு அதுதான். அந்தச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் சேர்த்து மதிப்பெண் போடும் துறைக்கு அதன் தரம் தெரியாமல் இருக்க வழியில்லை.

பணம் தொடர்பான சிக்கல் இன்னொன்றும் உண்டு. 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் சேருபவருக்கு உதவித்தொகை சட்டப்படி கிடைக்கும். கிரெடிட்டுக்காக வரும் மாணவர் பொதுவாக அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படுவதில்லை; கொடுப்பதும் கொடுக்காததும் நிறுவனத்தின் மனசு. மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தந்தது. ஆனால் அப்போது முழுநேரம் படித்துக்கொண்டிருந்தவர் அதற்கு விண்ணப்பிக்க முடியவில்லை. கோடை விடுமுறையில் ஜவுளிக்கடையிலோ கேட்டரிங்கிலோ வேலை பார்த்து அடுத்த செமஸ்டர் கட்டணத்தைச் சேர்க்கும் மாணவர்கள் எல்லா அரசுக் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் அந்த வருமானத்தைப் பறிக்கிறது. வெளியூர் என்றால் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்துகொள்ளும். பெண் பிள்ளைகளை வெளியூரில் தங்கவைக்கத் தயங்கும் வீடுகளில் தேர்வு உள்ளூரோடு சுருங்கிவிடுகிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சம்பளம் வாங்காமல் பயிற்சி பெறுபவருக்கும் பொருந்தும். அந்த ஒரு தகவலையும், புகார்க் குழுவை எப்படி அணுகுவது என்பதையும் சொல்லாமல் ஒரு மாணவியைப் பயிற்சிக்கு அனுப்புவது கல்லூரியின் கடமைத் தவறு.

இத்தனைக்குப் பிறகும் இந்த ஏற்பாடு வேண்டும் என்று வாதிட வலுவான காரணம் இருக்கிறது. அதைக் காண மாணவர்களின் தினசரி டைரியைப் புரட்டினால் போதும். ஒரு வகை டைரியில் பதினைந்து நாளும் ஒரே வரி: ‘இன்று மெஷின் ஷாப்பைப் பார்வையிட்டோம்.’ கோவைப் பக்கத்து வார்ப்படச் சாலை ஒன்றில் மணல் சோதனையில் உட்காரவைக்கப்பட்ட மாணவரின் டைரி அப்படி இருக்காது. வார்ப்புக்கான பச்சை மணலில் ஈரம் மூன்று, நான்கு சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். கூடினால் உருக்கிய இரும்பு பட்டதும் நீராவி கிளம்பி வார்ப்புக்குள் காற்றுக்குழி விழும். குறைந்தால் அச்சின் விளிம்பு உதிரும். ஷிப்டுக்கு ஷிப்ட் ஈரத்தை அளந்து, அன்றைய ரிஜெக்ஷன் எண்ணிக்கையை எதிரே எழுதி வருபவருக்கு இரண்டாவது வாரத்தில் ஒரு விஷயம் பிடிபடும்: மதிய வெயிலில் மணல் காய்கிறது, மிக்ஸர் ஓட்டுபவர் அதைக் கையால் பிடித்துப் பார்த்தே தண்ணீரைக் கூட்டுகிறார், அவர் விடுப்பில் போன நாளில் ரிஜெக்ஷன் ஏறுகிறது. உற்பத்தியியல் புத்தகத்தில் ஈரத்தின் அளவு இருக்கிறது. அந்த அளவு ஒரு மனிதரின் உள்ளங்கையில் இருப்பது புத்தகத்தில் இல்லை. இதற்குக் கிரெடிட் கொடுப்பதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை.

இரண்டு டைரிக்கும் நடுவிலுள்ள வேறுபாடு மாணவரின் ஆர்வத்தால் மட்டும் வருவதில்லை. முதல் மாணவரை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பத்துப் பேரைக் கூட்டமாகச் சேர்த்து ஆலையைச் சுற்றிக்காட்டி அனுப்பினார்கள். இரண்டாமவருக்கு ஒரு மேஜை, ஒரு கருவி, பதில் சொல்ல ஒரு மேற்பார்வையாளர், செய்து முடிக்க ஒரு சிறு வேலை ஆகிய நான்கும் கிடைத்தன. நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. உற்பத்தி இலக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு வாரத்தில் போய்விடும் ஒருவருக்குக் கற்றுத்தர யாருக்கும் நேரமில்லை. முதல் வாரம் பாதுகாப்பு விதியும் அறிமுகமுமாகக் கழிந்துவிடும். எனவே இரண்டு வாரப் பயிற்சியை மூன்று முறை செய்வதைவிட ஆறு வாரத்தை ஒரே இடத்தில் கழிப்பது இரு தரப்புக்கும் லாபம். ஒழுங்குமுறை இரண்டையும் சமமாக எண்ணுகிறது. கற்றல் அப்படி எண்ணுவதில்லை.

மதிப்பீட்டில்தான் மிகப் பெரிய ஓட்டை. அண்ணா பல்கலைக்கழக முறையில் மாணவர் சான்றிதழையும் சுருக்கமான அறிக்கையையும் தர வேண்டும். துறையின் மூவர் குழு வைவா நடத்தி மதிப்பிடும். விதி நல்ல விதிதான். நடைமுறையில் அறுபது பேருக்கு ஒரே மதியத்தில் வைவா முடிகிறது. அறிக்கையின் முதல் பத்துப் பக்கம் நிறுவன வரலாறு, அதுவும் இணையதளத்திலிருந்து எடுத்தது. மாணவர் வேலை செய்த இடத்தை எந்த வழிகாட்டி ஆசிரியரும் போய்ப் பார்ப்பதில்லை, பயணப்படியும் கிடையாது, அந்த நேரம் அவரது பணிச்சுமையில் சேருவதுமில்லை. தியரித் தாளுக்கு வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஆசிரியருக்குக் கணக்கு வைக்கும் கல்லூரி, மூன்று கிரெடிட் இன்டர்ன்ஷிப்புக்கு ஆசிரியர் நேரம் எதையும் ஒதுக்குவதில்லை.

திருத்தம் தொடங்க வேண்டிய இடமும் அதுதான். பயிற்சியின் நடுவில் ஒருமுறை ஆசிரியர் நேரில் போவது, அந்தப் பயணத்தை வகுப்பு நேரமாகக் கணக்கிடுவது, மாணவர் கிளம்பும் முன்பே என்ன வேலை என்று நிறுவன மேற்பார்வையாளரோடு ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்வது ஆகியவை பெரிய செலவில்லாதவை. இடம் கிடைக்காதவரைப் பயிற்சி மையத்துக்குத் துரத்தாமல், ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், பக்கத்து லேத் பட்டறை என்று உள்ளூரிலேயே துறை ஒரு பட்டியலை வைத்திருக்கலாம். வைவாவில் அறிக்கையை ஒதுக்கிவிட்டு டைரியைத் திறக்கலாம். பதினோராம் நாள் பக்கத்தில் ஈரம் ஐந்து சதவீதம் என்று எழுதியிருக்கிறதே, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால், அங்கே இருந்தவர் பதில் சொல்லிவிடுவார்.