மூன்று நூல்களும் ஒரு பெண்ணின் பெயரும்

அறிவியலில் பெண்கள் அடைந்த புறக்கணிப்பைப் பற்றிய நூல்கள் பல உள. அவற்றுள், ஆங்கில அறிவியலாளர் ரோசலிண்ட் பிராங்கிளினைப் பற்றிய மூன்று நூல்களை ஒருசேர வாசிப்பது பயனுடையது. ஜேம்ஸ் வாட்சனின் 'தி டபுள் ஹீலிக்ஸ்' (1968), ஆன் சேயரின் 'ரோசலிண்ட் பிராங்கிளின் அண்ட் டி.என்.ஏ.' (1975), பிரெண்டா மேடாக்ஸின் 'ரோசலிண்ட் பிராங்கிளின்: தி டார்க் லேடி ஆஃப் டி.என்.ஏ.' (2002) என்பன அவை. ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதி அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதையிலும் தொடரக்கூடும் என்பதையும், அதைத் திருத்த எழும் கதையும் வழுவக்கூடும் என்பதையும் இவை நமக்கு உணர்த்துகின்றன.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் காண்போம். 1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்த பிராங்கிளின், எக்ஸ் கதிர்களின் துணையால் டி.என்.ஏ.யின் அமைப்பை ஆராய்ந்தார். அவருடைய மேற்பார்வையில் மாணவர் ரேமண்ட் காஸ்லிங் 1952 மே மாதத்தில் எடுத்த 51ஆம் எண் படத்தை, 1953 ஜனவரியில் மாரிஸ் வில்கின்ஸ் அவர் அறியாமலே வாட்சனுக்குக் காட்டினார். பிராங்கிளினின் அளவீடுகள் அடங்கிய அறிக்கையொன்றும், மாக்ஸ் பெரூட்ஸ் வழியாகக் கேம்பிரிட்ஜில் வாட்சனுடன் பணியாற்றிய கிரிக்கின் கைக்குச் சென்றது. அவ்வாண்டு ஏப்ரல் 25இல் 'நேச்சர்' இதழில் இரட்டைச் சுருள் அமைப்பு வெளியாயிற்று. பிராங்கிளினின் கட்டுரையோ, பிறர் கண்டதற்குச் சான்று பகர்வதுபோல, அதே இதழில் மூன்றாவதாக அச்சிடப்பட்டது. 1958இல், தமது 37ஆம் வயதில், அவர் புற்றுநோயால் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் மற்ற மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

வாட்சனின் நூல் விறுவிறுப்பானது. கீழே வைக்க மனம் வராது. அதனாலேயே அதன் தீங்கும் பெரிது. பிராங்கிளினை அவர் 'ரோசி' என்று குறிப்பிடுகிறார். நேரில் அவரை அப்பெயரால் எவரும் அழைத்ததில்லை. அவருடைய உடையும் ஒப்பனையின்மையும் பிடிவாதமும் அந்நூலில் பேசப்படும் அளவுக்கு அவருடைய ஆய்வு பேசப்படவில்லை. வில்கின்ஸின் உதவியாளராக வந்து அவருக்கு அடங்க மறுத்தவர் என்ற எண்ணமே வாசகருக்கு உண்டாகிறது. உண்மை வேறு. துறைத்தலைவர் ஜான் ராண்டல் 1950 டிசம்பரில் எழுதிய கடிதம், அந்த எக்ஸ் கதிர் ஆய்வைப் பிராங்கிளினிடமும் காஸ்லிங்கிடமும் ஒப்படைத்திருந்தது. வில்கின்ஸுக்கு அது தெரிவிக்கப்படவில்லை. ஆகவே, பிணக்கின் வேரை ஒரு பெண்ணின் சுபாவத்தில் தேடுமுன், நிர்வாகத்தின் தவற்றில் தேடியிருக்க வேண்டும். தமது தொடக்கக்காலக் கணிப்புகள் பிழையானவை என்று நூலின் முடிவுரையில் வாட்சன் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் கேலி நூல் முழுவதும் பரவியிருக்க, அறிக்கையிடுதலோ சில வரிகளில் அடங்கிவிடுகிறது. பிழையென்று உணர்ந்தவர் அப்பக்கங்களைத் திருத்தியிருக்கலாகாதா?

சேயர் பிராங்கிளினின் தோழி. 'ரோசி' என்பது ஒரு கற்பனைப் பாத்திரமே என்பதைச் சான்றுகளோடு முதலில் எடுத்துரைத்த பெருமை அவருக்குரியது. அவருடைய சினம் நியாயமானது. எனினும் சினம் சில இடங்களில் சான்றை முந்திவிடுகிறது. கிங்ஸ் கல்லூரி ஆய்வகத்தில் பெண்கள் மிக அரியர் என்ற தோற்றத்தை அவர் தருகிறார். அங்குப் பெண் ஆய்வாளர் கணிசமாக இருந்தமையைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். மகளின் பல்கலைக்கழகக் கல்வியைத் தந்தை எதிர்த்தார் என்ற செய்தியைத் தங்கை ஜெனிபர் கிளின் மறுத்துள்ளார். நீதிக்காக வாதாடுவோர் சான்றில் இரட்டிப்பான கவனம் கொள்ள வேண்டும். ஒரு பிழை கண்டவர் முழு வழக்கையும் தள்ளிவிட அது இடமாகும்.

மேடாக்ஸ் வழக்காடவில்லை, ஒரு வாழ்க்கையைச் சொல்கிறார். பாரிஸில் மகிழ்ந்திருந்த ஆண்டுகள், மலையேற்றத்தில் கொண்ட ஆர்வம், பின்னர் பர்க்பெக் கல்லூரியில் வைரஸ்களைப் பற்றிச் செய்த சிறந்த ஆய்வு ஆகிய யாவும் இங்கு இடம்பெறுகின்றன. மாணவப் பருவத்தில், 1940இல், தந்தைக்கு அவர் எழுதிய கடிதம் இறையியல் பயில்வோர் ஊன்றி வாசிக்கத்தக்கது. மறுமையைப் பற்றிய நம்பிக்கையைத் தம்மால் ஏற்க இயலாதென்றும், மனிதரின் நிலையை உயர்த்தும் முயற்சியிலேயே தமது நம்பிக்கை உள்ளதென்றும் அதில் அவர் எழுதினார். அவரோடு நாம் உடன்படாதிருக்கலாம். அவருடைய நேர்மையை மறுக்க இயலாது. இந்நூலில் ஒரு குறை உண்டு. 'டார்க் லேடி', அதாவது புதிர் சூழ்ந்த சீமாட்டி, என்பது 1953இல் கிரிக்குக்கு எழுதிய கடிதத்தில் வில்கின்ஸ் அவருக்குச் சூட்டிய பெயர். 'ரோசி'யை அகற்ற வந்த நூலும், உடன் பணியாற்றிய ஆண் ஒருவர் இட்ட பெயரையே தன் முகப்பில் தாங்குகிறது.

2023இல் மேத்யூ காப், நதானியல் கம்பர்ட் என்னும் ஆய்வாளர் இருவர், பழைய ஆவணங்களைக் கொண்டு, பிராங்கிளின் படத்தைப் பறிகொடுத்த அபலை அல்லர், நால்வருள் சமபங்காளர் என்று வாதிட்டனர். ஏளனத்தைப் போலவே இரக்கமும் ஒருவரைச் சிறியவராக்கிவிடக்கூடும் என்பதற்கு இது தக்க எச்சரிக்கை.

மூன்றையும் வாசிக்க இயலாதோர் மேடாக்ஸின் நூலையேனும் வாசிக்கட்டும். லண்டனில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில் டி.என்.ஏ.யைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவருடைய பெயரும், அறிவியலாளர் என்ற குறிப்பும், வைரஸ் ஆய்வால் மனிதகுலம் பெற்ற நன்மையுமே பொறிக்கப்பட்டுள்ளன. வாட்சனின் நூலுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே, அவருடைய குடும்பத்தார் அவரைச் சரியான பெயரால் அழைத்திருந்தனர்.