வளைந்தது வாளா, வரலாறா?

கெல்டியரின் வாள் முதல் வீச்சிலேயே வளைந்துவிடும். அதைத் தரையில் ஊன்றிக் காலால் மிதித்து நிமிர்த்துவதற்குள் ரோமானியன் குத்திவிடுவான். கி.மு. 223இல் வட இத்தாலியில் இன்சுப்ரியர் என்ற கெல்டிய இனக்குழுவோடு நடந்த போரைப் பற்றி பொலிபியஸ் எழுதிவைத்த சேதி இது. இன்னமும் இதைத் திருப்பிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பொலிபியஸ் யார்? ரோம் பிணையாளாகக் கொண்டுபோன கிரேக்கர். பிறகு சிப்பியோ குடும்பத்துக்கு வேண்டியவர். யார் வீட்டில் உட்கார்ந்து எழுதிய பிரதி என்று கேட்காமல் வாசித்தால் எதிரியின் வாள் வளையத்தான் செய்யும்.

கல்லறைகளில் சடங்குக்காக மடக்கி வைத்த வாள்களைப் பார்த்துக் கிளம்பிய கதையாக இது இருக்கலாம் என்றார் சாலமோன் ரெய்னாக், 1906இல். ரதோமிர் பிளெய்னர் 1993இல் வெளியிட்ட நூல் உலோகச் சோதனைகளைத் தொகுத்துத் தருகிறது. சில வாள்கள் மென்மையான இரும்பு. சிலவற்றுக்கு நல்ல எஃகு விளிம்பு. 'கெல்டிய வாள்' என்று ஒற்றை வாள் கிடையாது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

சரி, ரோமானிய வாள் மட்டும் எங்கிருந்து வந்ததாம்? கிளாடியஸ் ஹிஸ்பானியென்சிஸ் என்ற பெயரே 'ஸ்பெயின் வாள்' என்கிறது. அங்கிருந்த கெல்டிபீரியரிடம் எடுத்துக்கொண்டது. கிளாடியஸ் என்ற சொல்லே கெல்டிய மொழியிலிருந்து போனது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். ரோமானியத் துணைப்படைக் குதிரைவீரர்களின் ஸ்பாதா, கெல்டிய நீள்வாளின் வாரிசு; கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்குள் காலாட்படையும் அதற்கு மாறிவிட்டது. ஆக, தோற்றவனின் கைவினை ஜெயித்தவனின் இடுப்பில் தொங்கியது.

இன்றைய நகல் வாள்கள் இந்தக் கலப்பைத் துடைத்துவிடுகின்றன. பெரும்பாலும் ஒரே மாதிரியான ஆலை எஃகு. கைப்பிடியும் அலகின் வடிவமும்தான் வேறு. ஒன்றில் 'கெல்டியன்', இன்னொன்றில் 'ரோமன்' என்று சீட்டு ஒட்டினால் இரண்டு தூய இனங்கள் தயார். வாங்குகிறவர் சுவரில் மாட்டுவது வாளை இல்லை, கலப்பே இல்லாத ஒரு மூதாதையை. மேற்கில் விற்கும் இந்த நகல்களில் பல நம் டேராடூனில் செய்யப்படுகின்றன. அடித்த கெல்டியக் கொல்லன் பெயர் அன்றும் இல்லை. செய்த தொழிலாளி பெயர் இன்றும் இல்லை.

நகல் அசல் மாதிரியே இருக்கிறதா என்று அளந்து பார்க்கிற விமர்சனம் நமக்குப் போதாது. யாருடைய உழைப்பு யாருடைய பெயரில் விற்கப்படுகிறது? அதைக் கேட்போம்.