இரவல் கல்

புதுக்கவிதை இரவல் சரக்கு என்ற குற்றச்சாட்டு இன்னும் ஓய்ந்தபாடில்லை. சென்ற மாதம் அம்பத்தூரில் நாங்கள் ஆறு பேர் கூடியபோதும் எழுந்தது. எல்லாமே இங்கு தோன்றியவைதான் என்று சாதித்த நண்பர் ஒருவர் சாட்சிக்கு இழுத்தது அத்திரம்பாக்கத்தை. அந்த இடம் இரு கட்சிக்கும் உதவாது என்று எனக்குப் படுகிறது.

ஆவடியிலிருந்து திருவள்ளூர், பூண்டி வழியாகப் போனால் கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்ட இடம். சாந்தி பப்புவின் குழு அங்கே மீண்டும் அகழ்ந்து 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி கைக்கோடாரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். அதே வகைக் கோடாரி கென்யாவில், துர்கானா ஏரிக்கு மேற்கே, 17 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. ஆக, உத்தி ஆப்பிரிக்கனுடையது. (அதற்கு வழங்கும் 'அச்சூலியன்' என்ற பெயர் மட்டும் பிரான்ஸின் ஒரு புறநகருடையது. செய்தவன் ஓரிடம், பெயர் வைத்தவன் ஓரிடம்.)

நண்பர் பிடித்துக்கொண்டது 2018-ல் வந்த அடுத்த கணக்கை. மூலக்கல்லை முன்கூட்டியே பக்குவப்படுத்தி, ஒரே தட்டில் வேண்டிய வடிவில் செதிலைப் பெயர்க்கும் லெவலுவா முறை அத்திரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதன் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்தது என்ற கருத்து இதனால் ஆட்டம் கண்டது. உடனே முதல் மனிதன் தமிழன் என்று கிளம்புவது விபரீதம். அங்கே மனித எலும்பு ஒன்றும் அகப்படவில்லை. ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகளாகச் சொல்லப்படுபவை மொராக்கோவில் கிடைத்தவை. அவற்றுக்கே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். செய்தவன் யாரென்றே தெரியாதபோது ஜாதகம் எதற்கு?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கைக்கோடாரியில் உருவம் கையிலேயே, தட்டத் தட்டத் திரள்கிறது. லெவலுவாவில் கடைசித் தட்டுக்கு முன் செதில் கண்ணுக்கே தெரியாது. தட்டுபவனின் மனத்தில் மட்டும் இருக்கிறது. உருவப் பிரக்ஞை என்று நாம் வாய் ஓயாமல் பேசுவது இதைத்தான். ஆனால் மனத்தில் உள்ளதற்குக் கல் இணங்க வேண்டும். பூண்டி அருங்காட்சியகத்தில் உள்ள குவார்ட்சைட் கருவிகளைப் பாருங்கள். இந்த ஆற்றங்கரைக் கல் தனக்கென்று ஒரு விதமாகத்தான் உடையும். உத்தி எங்கிருந்து வந்தாலும் உடைய வேண்டியது இந்தக் கல். நம் கவிதைகளில் பெரும்பாலானவற்றில் உத்தி இருக்கிறது, கல்லைக் காணோம். என்னுடையவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

மனிதப் பரிணாமத்தின் அடுத்த கட்டம் இயந்திரத்தில் நடக்கும் என்கிறார்கள். எங்கள் வங்கிக்கு வரும் லேத் பட்டறைக்காரர் ஒருவர், மைக்ரோமீட்டரை எடுக்குமுன் உருப்படியைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாராம். சி.என்.சி. இயந்திரம் வந்தபின் மகன் தொடுவதே இல்லை. உருப்படி சுத்தமாகத்தான் வருகிறது. எங்கள் கேஷ் கவுண்டரிலும் நோட்டை இயந்திரமே எண்ணுகிறது. கட்டு ஒன்றைக் கையால் எண்ண நேர்ந்தால் எனக்குப் பாதியில் கணக்குத் தவறுகிறது.

இது நஷ்டமா என்று நண்பரிடம் கேட்டேன். அவர் மறுபடி தமிழனுக்குப் போய்விட்டார்.