பலாச்சுளைக் கணக்கு: அறிவியலா, புதிரா?

காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி முதலியவற்றைக் கணக்கிடும் முறைகளைச் செய்யுளில் உரைக்கும் நூலாகும். எனினும் இன்று மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் அந்நூல் நினைக்கப்படுவது பெரும்பாலும் ஓரிரு செய்யுட்களுக்காகவே. அவற்றுள் ஒன்று, பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் தொகையை அறியும் வழியைக் கூறுகிறது. காம்பை அடுத்துள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முட்கள் 100 எனில் சுளைகள் 120.

இச்செய்யுளைப் பண்டைத் தமிழரின் அறிவியல் துல்லியத்திற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு காட்டுவோர் அதனைப் புகழ்கின்றனரேயன்றிப் படிக்கவில்லை என்றே கூறத் தோன்றுகிறது. முட்கள் 101 எனக் கொண்டால் விடை 121.2 ஆகும். ஐந்தில் ஒரு பங்குச் சுளை எந்தப் பழத்திலும் இராது. முட்களின் தொகை ஐந்தின் மடங்காக இல்லாதபோதெல்லாம் இவ்விதி முழுஎண்ணைத் தருவதில்லை.

பாஸ்கரர் 1150ஆம் ஆண்டில் இயற்றிய லீலாவதியின் வண்டுக் கணக்கை இதனோடு ஒப்பிடலாம். ஒரு வண்டுக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலரையும், மூன்றில் ஒரு பங்கு சிலீந்திர மலரையும், அவ்விரண்டின் வேறுபாட்டைப்போல் மும்மடங்கு குடச மலரையும் நாடின. ஒரு வண்டு மட்டும் எஞ்சியது. மொத்தம் 15 வண்டுகள்; அவை 3, 5, 6, 1 எனப் பிரிகின்றன. இங்கு எண்களைத் தேர்ந்தவர் ஆசிரியரே; ஆதலின் எவ்வண்டும் பின்னமாவதில்லை. பலாக் கணக்கிலோ எண்ணைக் கொண்டுவருபவர் படிப்பவர். முன்னதன் விடை கணக்கினுள்ளேயே அடங்கியுள்ளது. பின்னதன் விடை பழத்தினுள் இருக்கிறது.

அப்படியாயின் இது வெறும் கற்பனையா? அன்று. பலா என்பது பல பூக்கள் ஒன்றிணைந்து உருவாகும் கூட்டுக்கனி. தோலின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனியாகும். கருவுற்ற பூ சுளையாகிறது. கருவுறாதது சடையாக நின்றுவிடுகிறது. ஆகவே முள்ளுக்கும் சுளைக்கும் உண்மையான உறவு உண்டு. செய்யுளாசிரியர் எண்ணுதற்குப் பழத்தின் நீளத்தையோ எடையையோ கொள்ளாது முள்ளைக் கொண்டமை கூர்ந்த நோக்கின் பயனாகலாம். ஆனால் எத்தனை பூக்கள் கருவுறும் என்பது பழத்திற்குப் பழம் வேறுபடும். எனவே ஆறுக்கு ஐந்து என்னும் நிலையான விகிதம் எல்லாப் பழங்களுக்கும் பொருந்துதல் அரிது.

வேறு எண்ண வேண்டுவதில்லை என்னும் உறுதியோடு செய்யுள் முடிகிறது. இதனை அறிவியல் முடிபாகக் கொண்டால் பிழையாகும். புதிர் போடுபவரின் அறைகூவலாகக் கொண்டால் பொருத்தமாகும். விடுகதை கேட்போரை விடை தேடத் தூண்டுவதுபோல், இச்செய்யுள் பழத்தை அறுத்துப் பார்க்கத் தூண்டுகிறது. அதன் இலக்கியத் தகுதியும் இத்தூண்டுதலிலேயே உள்ளது எனலாம்.

தமிழாசிரியர்கள் இச்செய்யுளை மரபின் பெருமையாக மட்டும் ஒப்பிக்கச் செய்வது அதற்கு நீதியாகாது. பலாப்பழம் நம் சந்தைகளிலும் கிடைக்கும் பொருள்தான். மாணவர் முள்ளை எண்ணட்டும்; விதிப்படி விடை காணட்டும்; பின்னர்ப் பழத்தை அறுத்துச் சுளைகளையும் எண்ணட்டும். இரு தொகைகளும் வேறுபடின், ஏன் வேறுபட்டன என்று அவர்கள் எழுப்பும் வினா, கணக்கதிகாரத்திற்கு நாம் இதுகாறும் வழங்கிய பாராட்டுகள் அனைத்தினும் மேலான மரியாதையாகும்.